உறுமலாம், உரசலாமா?

உங்கள் வீட்டில் இருபத்தைந்து வயதில் ஒரு பிள்ளை இருக்கிறானா? அவனிடம் சொந்தமாக ஒரு கார் இருக்கிறதா? ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், கைபேசியில் யாரோ ஒருவருடைய கார் உறுமும் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறானா? அப்படியானால் அம்மா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். "சைலன்ஸருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஆடிப்பூரம் வரையில்.

ராஜபாளையத்தில் என் அக்கா இருக்கிறாள். அக்காவின் ஒரே பிள்ளை, நூல் வியாபாரத்தில் தலையெடுத்தவுடன் செய்த முதல் காரியம் ஒரு கார் வாங்கியது. பார்ப்பதற்குச் சின்னது, உள்ளே டர்போ எஞ்சின். காலை அழுத்தினால் அம்பு மாதிரி பாய்கிறது. நான் சென்னையிலிருந்து போய் இறங்கியபோது வாசலில் நின்றது. அவன் சாவியைத் திருப்பினான். தெருவில் படுத்திருந்த வெள்ளை நாய் (ராஜபாளையம் ஜாதிதான், லேசில் பயப்படாது) எழுந்து இரண்டு வீடு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது.

"எப்படி சித்தி? புதுசா சைலன்ஸர் மாத்தியிருக்கேன். இது சத்தமில்லே சித்தி, சங்கீதம்!"

"சங்கீதமா? உன் அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கிறாளே, ஏன்?" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சமையலறையில், "சத்தத்தை விடுடீ. வேகத்தடை வரும்போதெல்லாம் கீழே 'கர்ர்'னு ஒரு உரசல் கேட்குது. எனக்கு வயித்தைப் பிசையுது" என்றாள். அவன் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான்: "எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் லேசா உரசத்தான் செய்யும்மா!"

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் புறப்பட்டோம். முன்னால் அவனும் நானும். பின்னால் அக்கா, அக்கா மகள், நாலு வயதுப் பேத்தி. பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். ஆனால் தேர் நாளில் அந்த ஊருக்குள் கார் கொண்டுபோக நினைப்பது எங்கள் பேராசை. ஊர் எல்லையிலேயே வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. வெயிலோ கொளுத்துகிறது. கண்ணாடிகளை ஏற்றி, ஏ.ஸி.யைப் போட்டு, எஞ்சினை நிறுத்தாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு வழியாகத் தேரைத் தூரத்திலிருந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மறுபடியும் அதே வரிசை.

வீடு வந்து சேருமுன் குழந்தை வாந்தி எடுத்துவிட்டாள். அக்காவுக்குத் தலை பிளக்கிற வலி. மகளுக்குத் தலை சுற்றல். முன்னால் உட்கார்ந்த எனக்கும் லேசாகக் கனத்தது. பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? பால்கோவாவின் மேல்! "கடை மாறி வாங்கிட்டோம்" என்று அக்கா ஒரு வாரம் புலம்பினாள். பால்கோவா குற்றமற்றது என்பது, மதுரை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் வண்டியைத் தூக்கிப் பார்த்த அன்றைக்குத்தான் விளங்கிற்று.

"இங்கே பாருங்கம்மா" என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் போல்ட் தலைகள் ரோட்டில் தேய்ந்து, வெள்ளி மாதிரிப் பளபளத்தன. பூட்டு லேசாக வாய் பிளந்திருந்தது. அதைச் சுற்றி அடுப்படிச் சுவர் மாதிரி கரிக்கோடு. "சரியாப் பின்ஸீட்டுக்கு அடியிலே. புகை இங்கேதான் வந்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்திலே பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான இறுக்கத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல்; அப்புறம் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம்; அதிலிருந்து எழுந்திருக்காமலே போனவர்களும் உண்டு. ஓடுகிற வண்டியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நிற்கிற வண்டியில்தான் அடியில் தேங்கி, தரையில் உள்ள ஓட்டைகள், ரப்பர் மூடிகள் வழியே உள்ளே ஏறும். சாமான் பிடிக்கவில்லையென்று டிக்கியை அரைகுறையாகத் திறந்து கயிறு கட்டி ஓட்டுகிறோமே, அப்போதும் உள்ளே இழுக்கும். குழந்தைக்குக் கார்ப் பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுக்கும் தாய்மார்களே, ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத் தலை வலித்தால் எலுமிச்சம்பழத்தைத் தேடாதீர்கள். கண்ணாடிகளை இறக்குங்கள், எஞ்சினை நிறுத்தி எல்லோரும் கீழே இறங்குங்கள். தலைவலி தெளியவில்லையென்றால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், காரில் வந்த விவரத்தையும் சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளையின் முகத்தில் ரத்தம் இல்லை. "வேகத்தடையிலே லேசா உரசினதுக்கா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டான்.

அவன் செய்த தப்பு என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால், புகை வெளியே வருகிற வழியை நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்கீஸில் படம் விட்டதும் கூட்டம் வெளியேறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து முடிந்த புகை அவசரமாக வெளியே ஓடி வருகிறது. வழியில் முதலில் டர்போவைச் சுழற்றிவிட்டு, கன்வர்ட்டர் என்கிற பெட்டிக்குள் நுழைகிறது. அதற்குள் தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள். அவற்றில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. விஷ வாயுக்களை இங்கேதான் பெருமளவுக்குச் சாதுவாக்கி அனுப்புகிறார்கள். பிறகு நடுக்குழாய், அதில் ஒரு சின்னப் பெட்டி. பின் சக்கரத்தைத் தாண்டியதும் பெரிய சைலன்ஸர் பெட்டி. கடைசியாக நம் கண்ணில் படுகிற வால்குழாய்.

சைலன்ஸர் ஒன்றும் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் ஊரைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். கன்வர்ட்டர்தான் பிந்தி வந்தது. பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜீன் ஹூட்ரி என்கிற எஞ்சினியர் 1950-களில் அதற்கு வழி கண்டார். நம் நாட்டில் 1995 ஏப்ரலிலிருந்து நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால், 2000-ம் வருஷத்திலிருந்து தேசம் முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலே வந்துவிட்டது.

இப்போது டாக்கீஸ் வாசலை அகலமாக்கினால் கூட்டம் சீக்கிரம் வெளியேறும் அல்லவா? "குழாயைப் பெரிசாக்கினால் எஞ்சின் சுலபமாக மூச்சு விடும், இழுவை கூடும்" என்று இந்த வேகப் பிரியர்கள் சொல்வது பொய்யில்லை. இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால் வாசல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. ஆனால் கூட்டமே இல்லாத டாக்கீஸில் வாசலை இடித்துக் கட்டி என்ன பயன்? ஊருக்குள் போகிற வேகத்தில் அந்த அகலம் தேவைப்படுவதே இல்லை. டர்போ இல்லாத வண்டியாக இருந்தால், குழாய் தேவைக்கு மேல் பெருத்துவிட்டபோது சின்ன வேகத்தில் இழுவை குறைந்தே போகும்.

எங்கள் பிள்ளை போன கடையில் யோசனை சொன்னவர் தாராளமான மனிதர். கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்தார். (கழற்றிய கன்வர்ட்டரை அவரே "குப்பைதானே" என்று வைத்துக்கொண்டார். ரோடியம் இருக்கிற குப்பை! நகைக் கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்.) நடுவில் தட்டையாக இருந்த பெட்டியை எடுத்துவிட்டு, உருண்டையாக ஒரு பெட்டி. இரண்டு அங்குலக் குழாய்க்குப் பதில் இரண்டரை. விஷத்தை முறிக்கிற பெட்டியும் போயிற்று, பூட்டும் ரோட்டில் தேய்ந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் அன்றைக்கு அத்தனை தலைவலி.

இந்த ஆசை எங்கே பிறந்தது என்று யோசித்தால், ஓட்டப்பந்தயக் களத்தில்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலகயுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. நாம் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பியட் கார்களையே சைலன்ஸரை மாற்றிக் குடைந்து சீறவைத்தார்கள். 1990-லிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனிப் பாதை இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் ஒரு சௌகரியம், வேகத்தடை கிடையாது! குழாய் எத்தனை தாழ்ந்து தொங்கினாலும் தட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதே பந்தயக்காரர்கள் மண் ரோட்டில் ராலி ஓட்டப் போனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வண்டியை உயர்த்துகிறார்கள், அடியில் கனமான தகடு அடிக்கிறார்கள், குழாயை எத்தனை மேலே ஒட்டித் தூக்க முடியுமோ அத்தனை தூக்குகிறார்கள். நம் ஊர் ரோடு சோழவரமா, ராலியா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அண்ணாச்சி அன்றைக்கு ஒரு வேடிக்கை செய்தார். என்னைக் கவர்ந்தது அதுதான். ஒரு கெட்டி அட்டையை எடுத்துச் சரியாகப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டினார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அட்டையை நெட்டக்குத்தாகப் பிடித்து, வெளியிலிருந்தே ஒரு நீளக் குச்சியால் வண்டிக்கு அடியில் முன்னும் பின்னும் தள்ளினார். பின்பக்கம் தாராளமாகப் போயிற்று. நடுவில் அந்தப் பூட்டின் கிட்டே இடித்து நின்றுவிட்டது. "இப்போ எல்லாரும் ஏறி உக்காருங்க" என்றார். நானும் அக்காவும் பிள்ளையும் பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் புளிமூட்டை மாதிரி அடைந்து உட்கார்ந்தோம். அட்டையைக் கத்தரித்துக் கத்தரித்துத் தள்ளிப் பார்த்தார். ஒன்பதரை சென்டிமீட்டருக்கு வந்தபோதுதான் அது பூட்டைத் தாண்டியது.

காரோடு வந்த புத்தகத்தில் 17 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது! மீதி எங்கே போயிற்று? ஐந்து பேர் ஏறியதில் மூன்றரை சென்டிமீட்டர் வண்டி உட்கார்ந்துவிட்டது. இது எந்தக் காருக்கும் உள்ளது. கம்பெனி யோசித்து வைத்ததுதான். அதற்கு மேல் நான்கு சென்டிமீட்டர் நம் பிள்ளை காசு கொடுத்து இழந்தது. குழாய் அரை அங்குலம் பருத்தது. மேலே இடமில்லாததால் பருத்தது முழுவதும் கீழ்நோக்கியே வந்தது, அதுவே ஒன்றேகால் சென்டிமீட்டர். பூட்டின் விளிம்பும், கீழ்நோக்கி நின்ற போல்ட்டும், தளர்ந்த ரப்பர் தொங்கலும் சேர்ந்து மீதியை விழுங்கிவிட்டன.

"ஒன்பதரை இருந்தால் போதாதா? வேகத்தடை எத்தனை உயரம்?" என்று கேட்டேன்.

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு குறுக்கே வருகிறது. இந்திய ரோடு காங்கிரஸ் என்கிற அமைப்பு வேகத்தடைக்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மேல்வளைவு 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. மேட்டின் உயரம் ஒன்பதரைக்கு மேல்தானே, இடிக்க வேண்டும் அல்லவா? இடிக்காது. இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளியுள்ள கார் அதன் உச்சியில் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே ஏறியிருக்கும். சக்கரங்கள் நிற்கும் மட்டத்தைவிட நடுமேடு நாலரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டி உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே சாவகாசமாக இறங்கிப் போகலாம். ஆனால் தெருக்காரர்களே சேர்ந்து கலவை கொட்டி எழுப்புகிறார்களே, ஒரு முழ அகலம், ஒரு சாண் உயரம், அம்மிக்கல் மாதிரி! முன் சக்கரம் இந்தப் பக்கம், பின் சக்கரம் அந்தப் பக்கம், இரண்டும் பள்ளத்தில். மேடு முழுசும் நடுவயிற்றில். அங்கே பதின்மூன்றரை இருந்தாலே தப்புவது தெய்வாதீனம்; ஒன்பதரைக்கு என்ன கதி?

அப்படி ஒரு மேட்டைத் தாண்டியாக வேண்டுமென்றால் நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கச் சொல்லுங்கள். மேட்டின் மேலேயே பிரேக்கை மிதித்தால் மூக்கு இன்னும் தாழும். பிரேக்கெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

சரி, பிள்ளை ஆசைப்பட்டுவிட்டான். முழுவதுமாக மறுத்தால் வேறு ஊருக்குப் போய்ச் செய்துகொண்டு வருவான். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கன்வர்ட்டரைத் தொடவே கூடாது. அதில் பேரம் கிடையாது. நடுக்குழாயை முடிந்தவரை விட்டுவிடுவது நல்லது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதெல்லாம் அம்மிக்கல் மேட்டுக்குப் பலி. பின் சக்கரத்துக்கு அப்பால் இருக்கும் பெரிய பெட்டியை மட்டும் மாற்றினால், சத்தம் என்கிற ஆசையில் பெரும் பங்கு தீர்ந்துவிடுகிறது. அங்கே சக்கரமே முதலில் மேட்டில் ஏறி வண்டியின் வாலைத் தூக்கிக் கொடுத்துவிடுவதால் உரசலும் குறைவு. பெட்டி உருண்டையாக இல்லாமல், முட்டையை அமுக்கின மாதிரித் தட்டையாக இருக்கட்டும். உயரத்தில் குறைந்ததை நீளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

நடுக்குழாயும் பெரிதாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவனுக்கும் வழி இருக்கிறது. இரண்டரை அங்குலத்தில் ஒரு குழாய்க்குப் பதில், ஒன்றேமுக்கால் அங்குலத்தில் இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் வாசல் ஏறக்குறைய அதே அகலம். கீழே முக்கால் அங்குலம் மிச்சம். அமுக்கிய நீள்வட்டக் குழாயும் கிடைக்கிறது. செலவு கூடும், வளைவுகளில் வெல்டிங் செய்யக் கைதேர்ந்தவர் வேண்டும். இது கையில் காசும் பக்கத்தில் நல்ல பட்டறையும் இருப்பவர்கள் சமாசாரம்.

அதைவிடச் சின்ன விஷயங்கள்தான் காப்பாற்றுகின்றன என்பது அண்ணாச்சியின் கட்சி. போல்ட் கீழ்நோக்கி நிற்காமல் பக்கவாட்டில் இருக்கும்படி பூட்டைத் திருப்பிப் போடுவது. வெடித்துப்போன தொங்கல் ரப்பர்களை மாற்றுவது. மேலே ஒட்டித் தூக்குகிறேன் என்று அடித்தட்டில் இடிக்கும்படி இழுத்துக் கட்டாமலிருப்பது. ஏனென்றால் எவர்சில்வர்க் குழாய் சூடேறினால் மீட்டருக்கு ஆறேழு மில்லிமீட்டர் நீளும். நகர இடமில்லாவிட்டால் தடதடவென்று வண்டியைத் தட்டும், அல்லது வெல்டிங் விடும்.

எவர்சில்வர் என்றதும் காதைத் தீட்டிக்கொள்வீர்கள். ஆமாம், நம் பாத்திரக் கடையில் "பதினெட்டு-எட்டு" என்று சொல்லி விற்கிறார்களே, குரோமியம் 18 பங்கு, நிக்கல் 8 பங்கு, அதே உலோகம்தான் சைலன்ஸர் கடையில் "304". கம்பெனிக் குழாய்கள் பலவற்றில் 409 என்கிற மட்டரகம். குரோமியம் பதினொரு பங்கு அளவில்தான். கடைக்குப் போகும்போது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். 409-ல் பச்சென்று ஒட்டும், 304-ல் ஒட்டாது. ஒட்டாததெல்லாம் 304 என்று நம்பிவிடவும் கூடாது, வேறு மலிவுச் சரக்கும் ஒட்டாமல் இருக்கும். ஆனால் ஒட்டுவதை 304 என்று சொல்லி விலை கேட்பவரை உடனே பிடித்துவிடலாம். எதற்கு இத்தனை விசாரம் என்றால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் குழாய் வழியே வருகிறது. மார்க்கெட்டுக்கும் கோவிலுக்குமாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற வண்டியில் குழாய் முழுவதும் சூடாகுமுன் எஞ்சின் நின்றுவிடும். தண்ணீர் பெட்டிக்குள்ளேயே தேங்கித் துரு அரிக்கும். கொஞ்சமாக ஓடும் பெண்கள் வண்டியில் சைலன்ஸர் சீக்கிரம் ஓட்டையாகிற மர்மம் இதுதான்.

தாழ்ந்த குழாயில் இன்னொரு அபாயமும் உண்டு. அறுவடை சமயத்தில் கிராமத்துப் பக்கம் போனால் ரோட்டிலேயே தானியக் கதிரைப் பரப்பிவிடுகிறார்கள். வைக்கோலும் தட்டையும் தாழ்ந்த குழாயில் சீப்பில் முடி மாட்டுவது போல் மாட்டிக்கொள்ளும். கன்வர்ட்டர் இருக்கும் சூட்டில் அது பற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. அப்படி ஒரு பரப்பைக் கடந்தால் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்திக் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. காய்ந்த புல்லின் மேல் நிறுத்துவதும் வேண்டாம்.

சத்தத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பிள்ளையின் காதில் போட்டுவையுங்கள். புதுக் காருக்குச் சோதனைச் சாலையில் அனுமதிக்கும் சத்தம் 74 டெசிபல். சத்தம், புகை விதிகளை மீறினால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. மூன்று மாதம் லைசென்ஸும் இருக்காது. கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று அதே வருஷம் ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகையால் இன்னும் கார் வாங்காதவனாக இருந்தால், கம்பெனியே சத்தத்தைப் பதப்படுத்தி விற்கும் வண்டியைப் பார்க்கச் சொல்வது உத்தமம். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய் 2021 செப்டம்பரில் கொண்டுவந்த ஐ20 என் லைன் அந்த ஜாதி. ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைத் திறன், பின்னால் இரட்டை வால்குழாய். உறுமலைத் தொழிற்சாலையிலேயே கேட்டு அமைத்துவிட்டார்கள். அடியில் உள்ள இடமும் குறையவில்லை, போலீஸ்காரரும் கை காட்டமாட்டார்.

ஒரு விஷயம் மறந்துவிட்டேன். உறுமல் ரசிகர்கள் முன்கூட்டி யோசிக்காத தொல்லை அது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது வினாடிக்கு நூறு தரம் வெடிக்கிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் "ம்ம்ம்" என்று முனகுகிறதே, அதே சுருதி! தேசிய நெடுஞ்சாலை 744-ல் ராஜபாளையத்திலிருந்து திருமங்கலம் வரை ஒரே வேகத்தில் போனால், வழி நெடுக ஒரு டிரான்ஸ்பார்மரை மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி. நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி அந்த முனகலை அடக்கத்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிகிறவன் ஒற்றை ஆளாக ஓட்டட்டும்; பின்ஸீட்டில் பாட்டியை உட்கார்த்தி வைக்கக் கூடாது.

எங்கள் பிள்ளையின் வண்டியில் கடைசியில் நடந்தது இது. கன்வர்ட்டர் புதிதாகவே வாங்க வேண்டியதாயிற்று. அந்தத் தாராளக் கடைக்காரர் "அது அன்னிக்கே போயிருச்சே தம்பி" என்று கையை விரித்துவிட்டார். அதன் விலையை எழுதினால் அக்காவுக்கு மறுபடியும் தலைவலி வரும். நடுக்குழாயும் தட்டைப் பெட்டியும் பழையபடி கம்பெனிச் சரக்கே. பின்னால் மட்டும் நீளமாக, அமுங்கின முட்டை வடிவில், சத்தத்தைப் பாதி விழுங்குகிற ஒரு 304 பெட்டி. பூட்டைத் திருப்பி, ரப்பர் நான்கையும் மாற்றி, மறுபடி எங்கள் ஐந்து பேரையும் ஏற்றி அண்ணாச்சி அட்டையைத் தள்ளினார். பதின்மூன்றுக்கு வெட்டிய அட்டை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டாமல் போயிற்று. அப்புறம் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, ஈரச் சாக்கை வால்குழாய் வாயில் ஒரு கணம் அமுக்கி, வேறெங்காவது 'உஸ்' என்று கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. (இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், கை வெந்துவிடும். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது யாரையும் அடியில் போகவும் விடாதீர்கள்.)

அந்தப் பதின்மூன்று சென்டிமீட்டர் அட்டையை அக்கா வாங்கிக்கொண்டு வந்து, சாவி மாட்டும் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறாள். மாதம் ஒரு தரம் வாசலில் அட்டைத் திருவிழா. போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மதுரைக்குப் போய்ட்டு வந்தோம்டீ. வழியிலே எல்லாரும் தூங்கிட்டோம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தூங்கினீர்களா? தலைவலி ஏதாவது..."

"அட, அதில்லேடீ! சத்தம் இல்லே, அதனாலே தூங்கினோம்" என்று சிரித்தாள். பக்கத்தில் அவள் பிள்ளை, "சத்தம் இல்லேன்னு சொல்லாதேம்மா, கொஞ்சம் இருக்கு!" என்று முறையிடுவது கேட்டது.